மாமா வாங்கிய திமிங்கிலப் பல்

பிரான்சு, 9 மார்ச் 1998

மச்சான் அபகூகி,

உன் மூஞ்சியைப் பார்க்காமல் ஒரு வருடம் நிம்மதியாக இருந்துவிட்டேன். பதில் போடாத சோம்பேறிக்கு எதற்குக் கடிதம் என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது எழுதுவதும் உனக்காக இல்லை, உன் தம்பிக்காக. எழுத்து கோணலாக இருந்தால் இளிக்காதே. போன மாதம் ஆட்டத்தில் வலது தோள் கழன்றுவிட்டது. அறுத்துக் கட்டியிருக்கிறார்கள். இடது கையால் எழுதுகிறேன்.

நெமானி இங்கே வந்த முதல் நாளே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. எங்கள் கிளப் தலைவர் கஸ்தேரா பன்றி இறைச்சிக் கடைக்காரர். புதிதாக வருகிறவனைக் கடையின் பின்கட்டுக்குக் கூட்டிப்போய், பன்றி நிறுக்கும் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்ப்பார். சுற்றி நிற்பவர்கள் கை தட்டுவார்கள். நான் வந்தபோதும் அப்படித்தான். உன் தம்பி சிரித்துக்கொண்டே ஏறினான். தராசுத் தட்டில் காய்ந்த ரத்தம் ஒட்டியிருந்தது, அதையும் வெறுங்காலால் மிதித்துக்கொண்டு கை அசைத்தான்.

இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை சாமி இல்லை, ரக்பிதான். அது தப்பில்லை, நம் ஊரிலும் பாதிப் பேர் போதகர் எப்போது முடிப்பார், பந்தை எடுக்கலாம் என்றுதான் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் இவர்கள் ஆடுவதைப் பார்த்தால் சோறு இறங்காது. ஸ்க்ரம்மில் இரண்டு அணித் தலைகளும் முட்டிப் பின்னிக்கொண்டதும் கண்ணில் விரல் விடுவது, காதைக் கடிப்பது, கீழே கை விட்டுப் பிழிவது. அதை வெளியே வந்து பெருமையாகச் சொல்லிச் சிரிப்பது. அடிபட்டவனுக்கு ஒரே மருந்து, வாளியில் ஊறும் பஞ்சு. முன்னால் அடிபட்டவன் ரத்தமும் எச்சிலும் கழுவிய அதே பஞ்சை அடுத்தவன் வாயில் வைத்துப் பிழிவார்கள்.

பிப்ரவரியில் நெமானியின் தலையில் எதிரணிக்காரன் முழங்கால் இறங்கியது. விழுந்தவன் எழவில்லை. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. பஞ்சால் துடைத்து, கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டி எழுப்பி நிறுத்திவிட்டார்கள். பந்தை வாங்கியவன் எங்கள் அணியின் கம்பத்தையே நோக்கி ஓடினான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நினைவு தப்பினவன் மூன்று வாரம் ஆடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அவன் நினைவு தப்பியதை யாரும் எழுதி வைக்கவில்லை. அடுத்த ஞாயிறே இறக்கினார்கள், மறுபடி விழுந்தான். திரும்பி வரும் பேருந்தில் அவன் என் மடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான், பின் இருக்கைகளில் பாட்டு.

நான்தான் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். அந்த டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார்: "இந்த வருஷம் இவன் பந்தத் தொடவே கூடாது. இன்னொரு அடி விழுந்தா செத்துருவான். சாகலன்னா அதைவிட மோசமா கிடப்பான். கேக்குதா?" ரக்பி சங்கத்துக்கும் எழுதிப்போட்டு, அவன் ஆட்ட அட்டையில் தடை முத்திரை குத்த வைத்துவிட்டார்.

மாமாவிடம் சொல். "நெமானி, ஊருக்கு வா" என்று ஒரு வரி எழுதச் சொல். நான் சொன்னால் கேட்கமாட்டான், அப்பா சொன்னால் கேட்பான்.

விலிகேசா


கந்தாவு தீவு, 28 மார்ச் 1998

விலிகேசா மச்சானுக்கு,

உன் கடிதம் வந்த அதே படகில் நெமானியின் கடிதமும் வந்தது. இரண்டையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவன் என்ன எழுதியிருக்கிறான் தெரியுமா? "விலி மச்சானுக்கு வயசாயிடுச்சு, தோளும் போச்சு. கடைத்தெருவுல எல்லாரும் என் பேரச் சொல்றது அவருக்குப் பொறுக்கல. அதான் டாக்டர் கிட்ட இழுத்துட்டுப் போய் என்னைக் கட்டிப் போட்டுட்டாரு." நான் சொல்லவில்லை மச்சான், அவன் சொல்கிறான். ஆனால் படித்தபோது எனக்கும் லேசாக உறைத்தது.

உங்கள் கிளப்பிலிருந்து ஒரு வீடியோ கேசட் வந்தது. சபைக் கூடத்தில் ஜெனரேட்டரைப் போட்டு ஊரே பார்த்தோம். நெமானி தப்பான பக்கம் ஓடுகிற இடம் வந்ததும் கூடமே இடிந்து விழும்படி சிரிப்பு. பின்னால் சுற்றிச் சுற்றிப் போடச் சொன்னார்கள். நானும் சிரித்தேன், ஏன் சிரிக்கக்கூடாது? நன்றாகத்தானே எழுந்து ஓடுகிறான். அப்பா சொன்னது இது: "அடி வாங்காம யாருடா ரக்பி ஆடினது? என் முன்பல்லு ரெண்டும் எங்க போச்சாம்?"

நீ மறந்திருப்பாய், நினைவுபடுத்துகிறேன். அவனை நாங்களாக அனுப்பவில்லை. நீதான் விடுமுறையில் வந்து, அப்பாவின் பாயில் உட்கார்ந்து, முறைப்படி யங்கோனா வேர் வைத்து, "மாமா, சின்னவனை எனக்குக் குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று கேட்டாய். கொடுத்தோம். இப்போது உன் தோள் போனதும் திருப்பி எடுத்துக்கொள் என்கிறாய். கடையில் வாங்கின சட்டையா அவன்?

சீசன் முடியட்டும். அதுவரை அவனை விடு. பொறாமை நம் குடும்பத்தில் இல்லாத வியாதி, அங்கே போய்ப் பிடித்துக்கொள்ளாதே.

அபகூகி


பிரான்சு, 13 ஏப்ரல் 1998

அபகூகி,

சிரித்தீர்களா? சுற்றிச் சுற்றிப் போட்டுச் சிரித்தீர்களா? சீ. இங்கே இருக்கிறவர்களுக்காவது அவன் யாரோ. நீ அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பவளப்பாறையில் நடந்தவன்.

பொறாமை என்கிறாய். வா, வந்து இந்த அறையில் ஒரு வாரம் படு. வெளிச்சம் பட்டால் அவனுக்குத் தலை பிளக்கிறது, அதனால் பகலெல்லாம் சன்னல் சாத்தியிருக்கிறது. வாந்தி நாற்றம் போகவே மாட்டேன் என்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறான், பாத்திரம் கருகி ஓட்டையானதும் நான் வந்து அணைக்கிறேன். கேட்டால் "நானா வெச்சேன்?" என்று சிரிக்கிறான். என்னை இரண்டு தடவை "அபகூகி" என்று கூப்பிட்டான். திருத்தினேன், "தெரியும்பா, சும்மா வெளையாடினேன்" என்றான். அவன் விளையாடவில்லை. எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

இதைக் கேள். போன வியாழக்கிழமை கஸ்தேரா எங்கள் சமையலறைக்கு வந்தார், கையில் கொத்துக்கறி அடைத்த ஒரு முழக் குடலோடு. அணி கடைசிச் சுற்றுகளுக்குப் போய்விட்டது, மே கடைசி ஞாயிறு இறுதி ஆட்டம். ஐம்பது வருடமாக இந்த ஊர் பார்க்காத கோப்பை. மேசையில் கத்தியால் குடலை நறுக்கிக்கொண்டே சொன்னார்:

"நெமானி அட்டையில முத்திரை விழுந்துருச்சு. உன் அட்டை சுத்தமா இருக்கு விலி. நீ எப்படியும் ஆடப் போறதில்ல. ஃபைனல் அன்னிக்கு அவன் விலியா இறங்கட்டும்."

"போட்டோ இருக்கே அதுல?" என்றேன்.

"அட, அதே முடி, அதே மூக்கு. எந்த நடுவர் உங்களப் பிரிச்சுப் பாக்கப் போறான்? எனக்கே சில நாள் குழம்புது."

சொல்லிவிட்டு ஒரு துண்டைக் கத்தி நுனியில் குத்தி என் வாய்க்கு நேராக நீட்டினார். நெமானி பக்கத்தில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தான். "மச்சான், ஒரே ஒரு ஆட்டம், ப்ளீஸ்" என்றான், எண்ணெய் வழிகிற வாயோடு. நான் எழுந்துபோய் வாயிலிருந்த துண்டைக் கழிவறையில் துப்பினேன்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அட்டை என்னிடம் இல்லை, கிளப் அலமாரியில் இருக்கிறது. நான் ஒத்துக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் அவர்கள் செய்வார்கள். நெமானியைத் தடுக்கிற வாய் உலகத்தில் ஒன்றுதான், அது மாமாவின் வாய். உன் சந்தேகத்தைப் பிறகு வைத்துக்கொள், என்னைப் பிறகு திட்டு. முதலில் அவரை எழுத வை.

விலிகேசா


கந்தாவு, 30 ஏப்ரல் 1998

மச்சான்,

உன் கடிதத்தை ஒரு வாரம் முன்னால் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கி மடித்து வைத்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை கும்பிட்டு வந்து எழுதலாம்டா" என்றார். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்ததுதான் எங்கள் கேடு. சனிக்கிழமைப் படகில் இனோக்கே வந்து இறங்கினான்.

உனக்குத் தெரிந்திருக்கும், சுவாவில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கிளப்புகளுக்கு ஆள் பிடிக்கிறவன். மழையிலும் கறுப்புக் கண்ணாடி. பெரிய கட்டு யங்கோனா வேரும், பாயில் சுற்றின ஒன்றும் கொண்டுவந்தான். ஊர்ப் பெரியவர்கள் எல்லாரையும் கூட்டி உட்கார வைத்து, முறைப்படி மண்டிபோட்டு, பாயைப் பிரித்தான். திமிங்கிலப் பல். நன்றாகப் பழுத்து மஞ்சளான பழைய பல், தேங்காய்நார்க் கயிறு புதிது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு நம் பாட்டன் முப்பாட்டன் பெயரெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். எங்கே படித்தானோ. கிழவர்கள் கண்ணில் தண்ணீர். கடைசியில் ஒரே வரி: "கடல் தாண்டி இருக்குற முசியே கஸ்தேரா, உங்க மகன் நெமானிய அந்த இறுதி ஆட்டத்துக்குத் தரச் சொல்லிக் கேக்குறாரு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. ஆனால் ஊர் முன்னால் நீட்டின பல்லை வாங்காமல் விட்ட ஆள் நம் வம்சத்தில் உண்டா? வாங்கிவிட்டார். வாங்கியதும் கூடம் முழுக்க மூன்று கைதட்டு. முடிந்தது. பல்லை வாங்கினால் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும், பேச்சுக்கே இடமில்லை.

இரவு யங்கோனாவைக் கரைத்துக் குடித்து முடிந்தபின் இனோக்கேயைக் கரையில் பிடித்தேன். "அவன் தலையில அடிபட்டிருக்கு, தெரியுமா உனக்கு?" என்றேன்.

தன் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னான்: "தலை எதுக்குய்யா ஓரத்துல ஓடுற விங்குக்கு? காலு நல்லாருக்குல்ல?"

மச்சான், அவனை அங்கேயே கடலில் அமுக்கியிருப்பேன். விருந்தாளி என்று விட்டேன். விடியும்வரை எனக்கு வாயெல்லாம் கசந்தது, யங்கோனாவால் இல்லை. நம் பெரியவர்கள் சமாதானம் பேசவும் பெண் கேட்கவும் எடுக்கிற பொருள். அதை ஒரு பன்றிக்கடைக்காரன் எங்கோ உட்கார்ந்துகொண்டு கொக்கியாக மாட்டி எங்கள் வாயில் போட்டிருக்கிறான். நாங்களும் மீன் மாதிரி கவ்விவிட்டோம். நான் சிரித்த சிரிப்பை நினைத்தால் என் மூஞ்சியில் நானே துப்ப வேண்டும்போல இருக்கிறது.

பல் நடுவீட்டுக் கூரையில் தொங்குகிறது. அப்பா அதன் கீழே படுப்பதில்லை, சமையல்கட்டில் படுக்கிறார். நான் அவர் மகன், அவர் கொடுத்த வாக்கை என்னால் தொட முடியாது. என்ன செய்ய என்று தெரியவில்லை. நீ எப்படியாவது அவனை ஒளித்து வை.

அபகூகி


பிரான்சு, 11 மே 1998
(தபால் நிலையத்துக்கு ஃபேக்ஸ். அபகூகியிடம் கையில் தரவும்.)

மச்சான்,

உன் கடிதம் இன்று காலை வந்தது. ஒளித்து வைக்க அவன் என்ன பூனைக்குட்டியா? "அப்பாவே பல்லை வாங்கிட்டாரு, நீ யாரு?" என்று முந்தா நாளே என் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டான். இனோக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டிருக்கிறான்.

நான் யார் என்று சொல்கிறேன். நான் மாமாவின் அக்கா மகன். மாமன் ஊரில் மருமகன் எதில் கை வைத்தாலும் மாமன் ஏன் என்று கேட்க முடியாது. உன் செவலைப் பன்றியை நான் பிடித்துக்கொண்டு போனபோது மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாயே, அப்போது உன் அப்பா ஒரு வார்த்தை பேசினாரா? பாய், படகு, பன்றி எல்லாம் எடுக்கலாம் என்றால் பல்லையும் எடுக்கலாம்.

அந்தப் பல் எனக்கு வேண்டும். பல் மாமா வீட்டில் தொங்குகிறவரைதான் அவர் வாக்கில் கட்டுப்பட்டவர். அது என் கைக்கு வந்துவிட்டால் கஸ்தேரா கேட்ட கேள்வியும் என்னிடம் வந்துவிடும். பதிலை நான் சொல்லிக்கொள்கிறேன்.

என் அம்மா மலைக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறாள். எனக்குப் பதிலாக அவள் வந்து எடுக்கட்டும். அவளைத் தடுக்க உங்கள் ஊரில் எவனுக்கும் தைரியம் கிடையாது. எடுத்ததும் நீ அதைச் சுவாவுக்குக் கொண்டுபோய் இனோக்கே முன்னால் திருப்பி வைத்துவிடு, அதுதான் என் பதில். ஒரு வார்த்தையும் பேசாதே, பேசினால் அடித்துவிடுவாய்.

நாள் இல்லை. ஓடு.

விலி


சுவா, 20 மே 1998
(ஃபேக்ஸ்)

மச்சான்,

ஆயிற்று.

அத்தை ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் வந்தாள். சேறு அப்பிய காலோடு நேராக வீட்டுக்குள். அப்பா அவளைப் பார்த்ததும் பாயில் ஒதுங்கி உட்கார்ந்தார். வெளியே பெரியவர்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தர், "அம்மா, வாங்கின பல்லு அது" என்று இழுத்தார். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உன் புள்ளைய அனுப்பிருவியா கறிக்கடைக்கு?" என்றாள். அவர் வாசலை விட்டு ஒதுங்கினார்.

கூரையைப் பார்த்துக் கையை நீட்டினாள், எட்டவில்லை. குள்ளம்தானே. நான் தூக்கிவிடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். அப்பாதான் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த மரப்பெட்டியை அவள் காலடிக்குத் தள்ளினார். ஏறி, அவிழ்த்து, மார்போடு வைத்துக்கொண்டு, "என் மகன் விலிகேசா எடுத்துட்டான்" என்றாள். அப்பா குனிந்து, கையைக் குழித்து மெதுவாகத் தட்டினார். ஒத்துக்கொண்டதற்கு. பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதார், நான் பார்க்கிறேன் என்றுகூடப் பார்க்காமல்.

நேற்று இனோக்கே மேசையில் வைத்தேன். நீ சொன்னபடி பேசவில்லை. அவன், "பைத்தியக்காரப் பசங்களா, ஒரு கோப்பையக் கெடுத்துட்டீங்களேடா" என்றான். பல்லை எடுத்து இழுப்பறையில் போட்டுக்கொண்டான். உள்ளே இன்னும் சில கிடந்தன, விலைச்சீட்டு ஒட்டாததுதான் குறை.

கீழே அப்பா சொல்லி நான் எழுதுவது:

நெமானி, நான் யாருக்கும் உன்னைத் தரவில்லை. ஆடாதே. விலிகேசா கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வா. அப்பா.

அபகூகி


பிரான்சு, 1 ஜூன் 1998
(ஃபேக்ஸ்)

மச்சான்,

சனிக்கிழமை கிளம்புகிறோம், அடுத்த படகில் ஊரில் இருப்போம். இறுதி ஆட்டம் முடிந்ததும் என் ஒப்பந்தத்தைக் கஸ்தேரா கிழித்துவிட்டார். அதற்காக வருத்தப்பட எனக்குத் தோன்றவில்லை. நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும், நேரில் சொன்னால் எனக்கு வாய் வராது.

மாமா எழுதியதை நெமானி படித்தான். ஆடமாட்டேன் என்று கிளப்பில் போய்ச் சொன்னது அவனேதான். ஆனால் அதற்குப் பிறகு பத்து நாள் என்னோடு சோறு தின்னவில்லை. "என் ஃபைனலத் திருடிட்ட. இந்த ஊரு என்னைத் தலையில வெச்சுக் கொண்டாடுது. அது உனக்கு எரியுது. நான் இல்லாம அவங்க அழுவாங்க பாரு" என்றான். சுவரைப் பார்த்துத்தான் படுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை கஸ்தேரா வந்தார். கோபமே இல்லை. மரம் அறுக்கும் பட்டறையில், நம் கடல் பக்கத்து வாலிஸ் தீவுக்காரன் ஒருத்தன் இருக்கிறான், நல்ல உடம்பு, எப்போதோ ரக்பி ஆடியவன். அவனை என் அட்டையில் இறக்கப் போகிறார்களாம். "ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வீட்ட விட்டு வெளிய வராதீங்கப்பா. ரெண்டு விலி இருந்தா எங்களுக்குத்தான் வம்பு" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார், கட்டுப் போட்ட தோளை.

நான் நெமானியைக் கூட்டிக்கொண்டு போனேன். இடது கையால் சீவ முடியாமல் என் முடியை ஒட்ட வெட்டிவிட்டேன், அவனுக்கு வெளிச்சம் படாமல் தொப்பி. கண்டுபிடித்து அடிக்கட்டும் என்றுதான் போனேன். இந்த ஊர்க்காரர்கள் நடுவிலேயே நின்றோம். அவர்கள் கறுப்புச் சுருட்டை முடி மாட்டி, முகத்தில் கரி பூசி வந்திருந்தார்கள். எங்களைக் கொண்டாடுகிறார்களாம். ஒருத்தன் கரி வியர்வையில் வழிந்து என் சட்டையில் ஒட்டியது.

வாலிஸ்காரன் பந்தை வாங்கினதும் மைதானமே எழுந்தது. "விலி! விலி! விலி!" மூன்று வருடம் நான் தினமும் ரொட்டி வாங்கின கடைக்கார அம்மா என் பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்தாள். என் கையைப் பிடித்து உலுக்கினாள். "பாத்தியா, எங்க விலி எப்படி ஓடுறான்! நீயும் அவங்க ஊருதானா? எப்ப வந்த?" என்றாள். என் முகத்தை நேராகப் பார்த்துத்தான் கேட்டாள் மச்சான்.

நெமானி அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

அப்புறம் வாலிஸ்காரன் விழுந்தான். எங்கள் கண்ணுக்கு நேரே, தலை முதலில். அசையவில்லை. வாளியோடு ஓடினார்கள், பஞ்சைப் பிழிந்தார்கள். ரொட்டிக்கார அம்மா, கரி பூசினவர்கள், எல்லாரும் தாளம் போட்டார்கள், "எந்திரி விலி, எந்திரி விலி" என்று.

நெமானி என் நல்ல கையை இறுகப் பிடித்தான். "மச்சான், அங்க விழுந்து கிடக்குறது நீயா, நானா?" என்றான்.

மறுபடி குழம்பிவிட்டான் என்று பயந்து அவன் முகத்தைப் பார்த்தேன். குழப்பமே இல்லை. தெளிவாக அழுதுகொண்டிருந்தான். நான் பதில் சொல்வதற்குள் வாலிஸ்காரனைத் தூக்கி நிறுத்தி ஓட விட்டுவிட்டார்கள்.

விலிகேசா